டவுன்லோடுக்கு மூடிய ஷெட்

முள்ளுக்காட்டில் ஷெட் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பொதட்டூர்பேட்டையை விட்டு வந்து, இரும்பு உருக்கும் கம்பெனியில் சுமை தூக்கி, வெல்டிங்கைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் சொந்த ஷெட்டை நிறுத்தினேன். பேங்க்காரர் வாசலோடு திருப்பி அனுப்பினார், அப்படியும் நிறுத்தினேன். புயலில் கூரை பறந்தது, மறுபடி நிறுத்தினேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் இரும்புப் படிகள் பல என் ஷெட்டில் செய்தவை. ஷெட்டுக்கு மேலேயே வீடு கட்டினேன். மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் பாடம் எடுக்கும் பெண்ணை மருமகளாகக் கொண்டுவந்தேன். இதில் எதையும் எவனும் எனக்குச் செய்துகொடுக்கவில்லை.

மகன் போய்விட்டான். ரோட்டில் லாரி மோதியது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. பால் தெளித்துவிட்டு வந்த மறுநாளே ஷெட்டைத் திறந்தேன். ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல் கிரைண்டரை ஓட்டினார்கள். சத்தம் இருப்பது சௌகரியமாக இருந்தது.

மருமகள் மாடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாள். செவ்வாப்பேட்டையிலிருந்து என் அக்கா வந்து சமைத்துப்போட்டாள். அந்தச் சோறு மருமகள் தட்டிலேயே காய்ந்துகிடக்கும். அவள் அழுது நான் பார்க்கவில்லை. மகன் இருக்கும்போதே புனேவில் ஒரு வானியல் பயிற்சி முகாமுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பெரிய டெலஸ்கோப் எடுத்த டேட்டாவைக் கம்ப்யூட்டரில் அலசப் பழக்குவார்களாம். டேட்டாவையும் சாஃப்ட்வேரையும் முன்னாலேயே இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் இடம் கிடையாது. இறக்குவாள், பாதியில் நின்றுபோகும். கீழே வெல்டிங் பிடித்தால் மேலே வோல்டேஜ் விழும், நெட் பெட்டி அணைந்து எரியும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

“அதுல இன்னாம்மா இருக்குது?” என்று ஒருநாள் கேட்டேன். மகன் போன பிறகு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“நட்சத்திரத்தோட வெளிச்சம் மாமா. எல்லாம் நம்பரா இருக்கும். நடுவுல கொஞ்சம் மங்கும். குறுக்க இன்னா போச்சுன்னு அத வச்சு கண்டுபுடிக்கணும்.”

“நம்ம ஊட்டு லைட்டும்தான் மங்குது. அதுக்கு உன் மாமன்தான் காரணம்னு எழுதிக்கோ.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. “வேணாம் மாமா. முகாமுக்கு வரலைன்னு சொல்லிடறேன்” என்றாள்.

கீழே போய் எல்லா மெஷினையும் அணைக்கச் சொன்னேன். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா படியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

“பெத்த புள்ளைக்கு மூணு நாளு மூடுன. இப்ப இன்னாத்துக்குடா மூடற?”

“டவுன்லோடு ஆவுது.”

“வருஷம் திரும்பல. அவள ஊட்ட விட்டு அனுப்பப் போறியா? ஊரு இன்னா பேசும்?”

“பேசிக்கினு போவட்டும்க்கா. நீ நாஷ்டா துன்னியா?”

அவள் முனகிக்கொண்டே உள்ளே போனாள். சத்தம் நின்ற ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடியில் அழுகைச் சத்தம் கேட்டது. மருமகள் எத்தனை நாளாக அழுகிறாளோ, கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. நான் ஏறிப் போகவில்லை. நாற்காலியை விட்டு எழவும் இல்லை. சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு இறங்கி வந்தாள். “எல்லாம் எறங்கிடுச்சு மாமா. ஓடுது” என்றாள். “சரி, துணி எடுத்து வை” என்றேன்.

முகாம் முடித்து வந்துவிட்டாள். கல்லூரிக்கும் போகிறாள். இப்போது சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், புருஷன் போன ஈரம்கூடக் காயவில்லை, அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள் என்று. அது தப்பு. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஷெட்டை மூடியது நான். டிக்கெட் எடுத்தது நான். சென்ட்ரல் வரை கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டதும் நான். நான் செய்ததை இன்னொருவர் பேரில் எழுதினால் எனக்கு எப்போதும் பிடிக்காது. யார் பேசினாலும், எப்படிப் பேசினாலும், அவளை அனுப்பியவன் நான் என்று என் பேரைச் சொல்லித்தான் பேசவேண்டும்.