ஹம்சாவின் வலது கை

அந்தக் கை தன்னுடையதுதானா என்று ஹம்சாவுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது தொண்ணூற்றாறாம் வருஷம் ஜனவரியில், ஆபீஸ் புல்வெளியில். டில்லிக் குளிரில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் குமாஸ்தாக்கள் எல்லோரும் டப்பாவோடு வெயில் காய வெளியே வந்துவிடுவார்கள். பக்கத்து நாற்காலி லதா, தள்ளுவண்டிக்காரனிடம் கீறின முள்ளங்கி வாங்கி, உப்பும் எலுமிச்சையும் தடவி எல்லோருக்கும் கொடுப்பாள். அன்று அதை வாங்க நீட்டிய வலது கை, சொன்னபடி கேட்காமல் துள்ளியது. குளிர் என்று சமாளித்தாள்.

பத்து நாள் கழித்து, கரோல் பாக் வீட்டில், துள்ளல் கையோடு நிற்கவில்லை. வாய் கோணியது. நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தாள். கணவர் ஜகந்நாதன் வெளிறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூளையில் கட்டி என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் மீனாக்ஷி, கட்டி இல்லை என்றார். நாடாப்புழுவின் முட்டை உள்ளே போய், மூளையில் கொப்புளமாகத் தங்கியிருக்கிறது, வலிப்பு அதனால்தான், மாத்திரையில் அடங்கும்.

பயந்தவளுக்கு இது நல்ல சேதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஹம்சா படித்தவள். நாடாப்புழு பன்றி தின்பவர்களுக்கு வருவது என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். வெங்காயம்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற வீடு. ஆக, ஸ்கேன் படம் மாறிப்போயிருக்கிறது. தன் கட்டி வேறு யார் உறையிலோ இருக்கிறது. அதைக் கேட்கவும் பயம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வெளியே ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவரிடம் சத்துக் குறைவு என்றாள். மாத்திரைகள் விழுங்கப்படாமலே பட்டுப்புடவைக்கு அடியில் போயின. அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறவும் பயம், மொட்டை மாடிக்குப் போகவும் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரிக்கும்போது மறுபடி கை துள்ளியது. வாணலி சரிந்தது. பத்து வயது மாதுரி காஸை அணைத்துவிட்டு, “அப்பா, ஜல்தி வாங்கோ” என்று கத்தினாள். எண்ணெய் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சிந்தியிருந்தது. அன்றைக்குத்தான் ஹம்சா புழு, மாத்திரை விஷயத்தையெல்லாம் கணவரிடம் சொன்னாள்.

டாக்டர் இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, இரண்டையும் வெளிச்சத்தில் அடுத்தடுத்து மாட்டினார். அதே இடத்தில் அதே புள்ளி.

“இவ முட்டைகூடத் தொட்டதில்லை, டாக்டர். பன்னிப் புழு எங்கேர்ந்து வரும்?” என்றார் ஜகந்நாதன்.

“பாடத்துல பாதிதான் படிச்சிருக்கேள். கறி தின்னவா வயித்துல புழு வளரும். அவா கையைச் சரியா அலம்பலேன்னா, அந்தப் புழுவோட முட்டை அவா தொட்டுக் குடுக்கறதுல ஒட்டிண்டு வரும். சாக்கடைத் தண்ணி பாஞ்ச காய்லயும் வரும். அதை முழுங்கினவா மூளைக்குத்தான் போகும். நீங்க சைவமான்னு அது கேக்காது.” பிறகு ஹம்சாவைப் பார்த்தார். “பச்சையா என்ன சாப்பிடுவேள்?”

முள்ளங்கி என்றாள். அதுவாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம், இனி கண்டுபிடிக்க முடியாது என்றார் டாக்டர்.

கட்டி இல்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, புசா ரோடு திரும்பும்வரை அந்த நிம்மதி இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது: பாதி நாள் சாயங்காலம், மீந்த முள்ளங்கித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள்தான். மாதுரிக்குப் பிடிக்கும்.

வீட்டில் முதல் மாத்திரையை ஜகந்நாதன் கண்ணெதிரே விழுங்கினாள். மாதுரி தரையில் குப்புறப் படுத்து ஹிந்திப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நழுவி உருண்டது.

ஹம்சா குனிந்து, மகளின் வலது கையையே பார்த்தாள்.

மாதுரி அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “க்யா ஹுவா, அம்மா? ஏன் என் கையையே பாக்கறே?”

“ஒண்ணுமில்லை. எழுது. நிறுத்தாம எழுதிண்டே இரு.”