மயிலை மிதிக்காத வீடு

"கம்பளம் திரும்பி வந்துச்சுன்னா நீயும் கடைப்பக்கம் வராத. புரியுதா?"

போடியில் திரைத்துணி, மெத்தை, கம்பளம் விற்ற கடையில் முதலாளி எனக்குக் கொடுத்த முதல் பெரிய பொறுப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. எண்பதுகளின் தொடக்கம். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் புது பங்களா கட்டியிருந்தார். அவர் மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வருகிறார்கள். அதற்குள் ஹாலில் கையால் நெய்த கம்பளிக் கம்பளம் விரிந்து கிடக்க வேண்டும்.

"கலரு கண்ணப் பறிக்கணும் தம்பி" என்று மட்டும் அந்தத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். டிசைன் என் பொறுப்பு. இன்றைக்கு இண்டீரியர் டிசைன் படித்த பிள்ளைகள் இதற்கு ஒரு வாரம் யோசிப்பார்கள். நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்து ஆர்டர் அனுப்பியிருந்தேன். சுற்றிலும் சிவப்பு, மஞ்சள் பூக்கள். நடுவில் தோகை விரித்த நீல மயில். என்ன ஒரு திமிர் எனக்கு!

புதன்கிழமை காலையில் கம்பளம் தோட்டத்து ஜீப்பில் ஏறியது. கூடவே வேலையாட்களும் ஏறினார்கள். சுருட்டிய கம்பளத்தின் மேல் என்னோடு சேர்த்து ஏழு பேர் உட்கார்ந்தோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு சொகுசாக நான் போனதே இல்லை.

ஏழு பேருமாகத் தூக்கி வந்து ஹாலில் விரித்தோம். தோட்டக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் மனைவி காபித் தட்டோடு வந்தவர், கம்பளத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"ஆத்தாடி! முருகன் வாகனத்தையா தரையில போட்டிருக்கீக? வருசா வருசம் பழனிக்கு நடக்கிற குடும்பம் இது. இதுல யாரு கால வைக்கிறது?"

"மயில் தெரியாம நடுவுல ஒரு டீப்பாய் போட்டுரலாம்க்கா" என்றேன்.

"ஏன், மயிலு தலையில காபி டம்ளரு வைக்கவா?"

தோட்டக்காரர் சட்டென்று மனைவி பக்கம் சாய்ந்துவிட்டார். "வெரசா சுருட்டுப்பா." வேலை போச்சு என்றே முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து, வேலையாள் மாடசாமி எனக்கு உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தார்.

"என்னாத்தா நீங்க! போடியில இருந்து நாங்க ஏழு பேரும் இதும்மேல உக்காந்துதான வந்தோம்? ஒண்ணும் ஆகலையே!"

அடப்பாவி மனுஷா! அந்த அம்மா முறைத்த முறைப்பில் ஏழு பேரும் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

"மொதல்ல அத காலு படாத எடத்துல வைங்க!"

கால் படாத இடம். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே புதுச் சுவர் வெறுமனே நின்றது.

"செவுத்துல மாட்டிருவோமாக்கா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். மரச்சட்டம் அடித்து, சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டோம். அவிழ்ந்து விழுந்தால் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று வெள்ளிக்கிழமையும் என்னை வரச் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் மயிலைப் பார்த்துக் கைகூப்பினார். "நல்ல சகுனம்" என்றார். காலுக்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரை ஐஸாகக் குளிர்ந்தது. எல்லாரும் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடியே பேசினார்கள். சம்பந்தம் அங்கேயே முடிவானது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வேணும். பிள்ளையாரு போட்டு."

முதலாளியிடம் புது ஆர்டரைச் சொன்னேன். என் வேலை தப்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கம்பளம் விற்றேன். டிசைன் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் எந்த வாடிக்கையாளரிடமும் ஒரு கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

"அண்ணே, மிதிக்கவா, கும்பிடவா?"