கழுதைக் காது எழுத்துகள்

பழைய கொம்பியூட்டரை மகள் போட்டதும் தூசி சுடும் மணம் எழுந்தது. திரையில் மன்னார்க் கழுதைகளின் காதுகள் போல எழுத்துகள் நிமிர்ந்தன.

அண்ணாவும் நானும் சிறுவயதில் உண்டாக்கிய மொழி அது. எழுத்துகளை வரைந்து கொம்பியூட்டரில் ஏற்றியவன் அண்ணா.

ஆமி ஊரைச் சுற்றிவளைத்து வீடுவீடாகத் தேடிய அன்று ஓர் ஆமிக்காரன் கதிரையை இழுத்துப்போட்டு இந்தத் திரையின் முன் உட்கார்ந்தான்.

“அது தமிழ்தான் சேர்,” என்று அம்மா முந்திக்கொண்டார்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்,” என்றான் அவன் மெதுவாக. “இதை வேற யார் வாசிக்கிறது?”

அண்ணா என் பக்கம் திரும்பவில்லை. “ஒருத்தரும் இல்லை.”

விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அண்ணாவை வாகனத்தில் ஏற்றிப்போனார்கள். இன்றுவரை விடவில்லை.

“உங்களுக்கு இது விளங்குதோ, அம்மா?” என்கிறாள் மகள், திரையைக் காட்டி.

‘இண்டைக்கும் திருக்கைக் கறிதான்’ என்று எழுதியிருக்கிறது. வாசலில் ஏதோ வாகனம் வந்து நிற்கிறது.

“இல்லை,” என்கிறேன்.