காலி பஸ்ஸில் பக்கத்து சீட்டு

ஐம்பத்திரண்டு வயதில் தொலைதூரக் கல்வியில் சமூக உளவியல் படிக்கிறேன் அல்லவா? இந்த வாரப் பாடம்: யாரும் மீறாத ஒரு சின்ன வழக்கத்தை மீறி, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

விழுப்புரத்தில் காலி பஸ்ஸில் ஏறி, உள்ளே இருந்த ஒரே ஓர் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன்.

உடனே முந்தானையால் செயினை மூடினார்.

"இம்மாஞ் சீட்டு காலியா கெடக்குது, இங்க வந்து ஏம்மா நசுக்கற?"

"பாடத்துக்குக்கா. மனுஷங்க எப்படிப் பழகறாங்கன்னு படிக்கிறேன்."

"ஏன், வூட்ல பேச ஆளில்லியா?"

"பொண்ணு பெங்களூருல. டிவிதான் பேசும்."

அவர் பையிலிருந்து அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், அள்ளி என் மடியில் கொட்டினார். "உரிச்சிக்கினே சொல்லு."

எனக்கு விக்கிரவாண்டி வரைக்கும்தான் டிக்கெட். பாடமும் அதற்குள் முடிந்துவிட்டது. கண்டக்டரைக் கூப்பிட்டுத் திண்டிவனத்துக்கு இன்னொன்று வாங்கினேன்.

அவருடைய மருமகள் கதை பாதியில் நிற்கும்போதே திண்டிவனம் வந்தது. ஒலக்கூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் செம கூட்டம். இரண்டு பக்கமும் நசுக்கினார்கள், ஒருவரும் பேசவில்லை.

அந்த அம்மா செய்ததைப் பாடத்தில் எழுதிவிட்டேன். நான் செய்ததை யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

நாளைக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறுகிறவர்கள், தயவுசெய்து பக்கத்து சீட்டில் பையை வைக்காதீர்கள்.