மூடித் தண்ணீரும் வால்வு ரியூப்பும்

காலை ஐந்து மணி நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, கண்ணாடித் தம்ளரின் அடியில் படிந்திருந்த வெள்ளை வளையம். தண்ணீர் வற்றிப்போயிருந்தது. நிப் கீழாகப் பேனை அந்தத் தம்ளருக்குள் நின்றது. நிப்பின் நடுப்பிளவிலும் அதே வெள்ளை. நகத்தால் சுரண்டினேன். பல்பொடி போல உதிர்ந்தது.

1992 ஆவணி. அக்காவின் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அது வெளிவாரிப் பட்டப்படிப்பின் இறுதிப் பரீட்சை. ஆறு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். நாட்டு நிலைமையால் இரண்டு தடவை பின்போடப்பட்டிருந்தது. அக்காவின் பதிவு அந்த ஆண்டுடன் காலாவதியாகிறது என்று கடிதம் வந்திருந்தது. இந்த முறை எழுதாவிட்டால் ஏழு வருடமாகப் படித்தது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, மாலையில் தாவாரத்தில் வெளிச்சம் இருக்கும்வரை படித்தவர் அவர். வயது முப்பத்தொன்பது. எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம்.

மைப் பேனை இல்லாவிட்டால் அவரால் எழுத முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் குண்டுவீச்சுக்குத் தப்ப விளக்கையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்தியது, பெருவிரல் மடங்கவில்லை. சாதாரணக் குமிழ்முனைப் பேனையை அழுத்திப் பிடித்தால் அரைப் பக்கத்தில் மணிக்கட்டு வீங்கத் தொடங்கும். மைப் பேனைக்கு அழுத்தம் வேண்டாம். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகித் தாளில் சாய்த்து வைத்தால் அது தன்பாட்டில் ஓடும். அப்படி எழுத அக்கா ஐந்து மாதம் பழகியிருந்தார்.

வீட்டில் இரண்டு மைப் பேனைகள் இருந்தன. ஒன்று, பக்கத்தில் உள்ள சிறு நெம்பைத் தூக்கி உள்ளே இருக்கும் றப்பர்ப் பையை அமுக்கி மை நிரப்புவது. அந்தப் பை உருகித் தார் போலாகி, பேனையின் உட்சுவரில் ஒட்டிவிட்டது. மற்றது அப்பா றெயில்வேயில் இருந்த காலத்தில் கொழும்பில் வாங்கியது. அதற்குப் பை இல்லை. உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் பேனையின் உடலே மைக்கூடு. பின்பக்கத் தலையைத் திருகினால் ஒரு மெல்லிய உலோகத் தண்டு மூன்றங்குலம் வெளியே வரும். தண்டின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு றப்பர் வாசர். நிப்பை முழுவதும் மைக்குள் தாழ்த்தி, தண்டை ஒரே அமுக்காக உள்ளே தள்ள வேண்டும். வாசருக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். அடியில் உடல் சற்று அகலமாக இருக்கிறது. வாசர் அந்த இடத்துக்கு வந்ததும் பிடி விடும். மை ஒரே மூச்சில் மேலே ஏறும். ஒருமுறை நிரப்பினால் மூன்று மணித்தியாலம் எழுதலாம். பெருவிரல் மடங்காத ஒருவர் பரீட்சை மண்டபத்தில் மைப்போத்தலைத் திறக்க வேண்டியதில்லை.

அதைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

பேனையைக் கழுவுவது என் வேலை. நான் பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குநராக இருந்தேன். தைபோயிட் என்னும் நெருப்புக்காய்ச்சலைத் தடுக்கக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் பாவிக்கும்படி சொல்லும் சுகாதார அறிவித்தலை வாரம் இரண்டு தடவையாவது நானே பிழை திருத்தி அனுப்புவேன். கொதித்தாறிய நீர் என்றால் சுத்தமான நீர் என்பது எனக்குள் பதிந்துபோயிருந்தது. ஆகவே ஞாயிறு தோறும் கேத்திலில் இருந்த கொதித்தாறிய நீரால் பேனையைக் கழுவித் தம்ளரில் ஊறவைத்தேன். எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியது. கேத்திலின் அடியில் கால் அங்குலத்துக்குச் சுண்ணாம்பு படிந்திருந்ததை ஒவ்வொரு நாளும் பார்த்தவள்தான் நான். இந்த முறை வேலை கூடி, மூன்று நாள் பேனையை மறந்துவிட்டேன்.

அடுத்த பிழையை அங்கேயே செய்தேன். தண்டை இழுத்தேன். இறுகி நின்றது. பலமாக இழுத்தேன். வந்தது. வாசரின் ஓரம் பிறை வடிவில் கிழிந்து தண்டோடு தொங்கியது.

அக்கா முகம் கழுவிவிட்டுக் கிணற்றடியிலிருந்து வந்தார். தம்ளரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"கேத்தில் தண்ணியோ?"

"ஓம்."

"ஏனடி?"

"கொதிச்சாறின தண்ணி நல்லதெண்டு…"

"பேனைக்கு நெருப்புக்காய்ச்சல் வருமெண்டு பயந்தனியோ?"

அவர் துவாயால் கையைத் துடைத்துவிட்டு மர வாங்கில் இருந்தார்.

"அழுறதெண்டால் இப்பவே அழுதிட்டு வா. பிறகு நேரமில்லை. பன்ரண்டு நாள் கிடக்கு. எனக்குப் படிக்கிற வேலை, உனக்குப் பேனை."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது.

முதல் வேலை சுண்ணாம்பைக் கரைப்பது. அதற்குப் புளிப்பு வேண்டும். எங்கள் வளவின் பின்வீட்டில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மீனவக் குடும்பம் இருந்தது. கடலுக்குப் போக வழியில்லாததால் அந்த வீட்டு அம்மா காலையில் இடியப்பம் அவித்து ஒழுங்கை முழுவதும் கொடுத்துவந்தார். மீன் ஊறவைக்கும் பழக்கத்தால் அவரிடம் கள்ளில் செய்த வினாகிரி எப்போதும் இருக்கும். அரைத் தம்ளர் கேட்டேன்.

"என்ன கறி, பிள்ளை?"

"கறியில்லை, அம்மா. பேனையை ஊறப்போடவேணும்."

அவர் போத்தலைச் சரிக்காமல் என்னைப் பார்த்தார். "பாரையை ஊறப்போட்டிருக்கிறன். சூடையை ஊறப்போட்டிருக்கிறன். பேனையை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். எத்தினை நாளுக்கு?"

"ஒரு மணித்தியாலம் காணும்."

"அப்ப நல்லாய் ஊறாது" என்றபடி ஊற்றித் தந்தார்.

நிப்பையும் அதன் அடியில் உள்ள நாக்கையும் கழற்றி வினாகிரியில் போட்டேன். சிறு குமிழிகள் எழுந்தன. ஐம்பது நிமிடத்தில் குமிழி நின்றது. உடலுக்குள் வினாகிரியோடு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விட்டேன். வெள்ளை போய்விட்டது. ஆனால் வினாகிரியை எதனால் கழுவுவது? கிணற்று நீர் என்றால் திரும்பவும் சுண்ணாம்பு. ஆவணியில் மழை இல்லை. மழைத் தண்ணீருக்கு ஐப்பசிவரை பார்த்திருக்க வேண்டும்.

அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இடியப்பச் சட்டி மூடியிலை என்ன நிக்குது?"

ஆவி குளிர்ந்து நிற்கும் நீரில் சுண்ணாம்பு ஏறாது. பின்வீட்டு அம்மா ஒரு காலையில் பத்துத் தடவையாவது மூடி திறப்பார். அடுத்த நாளிலிருந்து ஆறு மணிக்கு நான் கிண்ணத்தோடு அவருடைய அடுப்படியில் நின்றேன். மூடியைத் தூக்கியதும் ஒரு பக்கம் சரித்து என் கிண்ணத்துக்குள் வடியவிடுவார். ஒரு தடவைக்கு இரண்டு கரண்டி. மூன்றாவது நாள் அவர் மகளிடம் சொல்வது கேட்டது: "இந்தா, பேனைக்குத் தண்ணி எடுக்க ஆள் வந்திட்டுது. மூடியைத் தட்டிப்போடாதை."

அடுத்தது வாசர். ஸ்ரேஷன் றோட்டில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. றெயில் நின்று இரண்டு வருடமாகியும் ஊரே சைக்கிளில் ஓடியதால் கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், என் வேலை தெரிந்தவர்.

"என்ன தங்கச்சி, சைக்கிளைக் காணேல்லை?"

"சைக்கிளுக்கில்லை, அண்ணை. பேனைக்கு ஒரு ரியூப் துண்டு வேணும்."

"பேனைக்கும் காத்துப் போயிட்டுதோ?" நின்றவர்கள் சிரித்தார்கள்.

பேனையைத் திறந்து கொடுத்தேன். தண்டை இரண்டு முறை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உது காத்தடிக்கிற பம் அல்லோ. சைக்கிள் பம்மைத் தூக்கிப் பேனைக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள்."

"ஓம். பம் காத்தைத் தள்ளும். இது மையை இழுக்கும்."

"அப்ப எண்ணை விடவேணும். எண்ணையில்லாமல் வாசர் ஓடாது."

"எண்ணை பட்டால் மை ஓடாது, அண்ணை. இதுக்கு மைதான் எண்ணை."

"பேப்பர்க்காரரோடை கதைச்சு வெல்லேலாது" என்று சொல்லிவிட்டு, பாவிக்க முடியாத பழைய ரியூப் ஒன்றை எடுத்தார். உடைந்த குடையின் குழாயில் ஒரு துண்டை வெட்டி அதன் வாயைத் தீட்டினார். ரியூப்பை மரக்கட்டையில் விரித்து, குழாயை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. வட்டமாக ஒரு துண்டு விழுந்தது.

முதலாவது பேனைக்குள் போகவேயில்லை. இரண்டாவதைக் கல்லில் உரைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் தண்டில் நேராக நிற்கவில்லை. ஐந்தாவது தண்ணீரைப் பாதிவரை இழுத்தது. பாதி என்றால் ஒன்றரை மணித்தியாலம். மூன்று நாளாக வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். ஆறாவதை அவர் வெட்டவில்லை. "உங்கடை கண் பிழை பிடிக்கிற கண். நீங்களே வெட்டுங்கோ" என்று குழாயைத் தந்தார். நான் வெட்டி, உரைத்து, விளிம்பை வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப உரைத்தேன். தண்ணீரில் வைத்துத் தண்டை அமுக்கினேன். அடியில் ஒரு சிறு உதறல் கைக்குத் தெரிந்தது. தண்ணீர் மேலே ஏறியது. அச்சகத்து அடிமட்டத்தால் அளந்தேன். இரண்டேகால் அங்குலம், கிட்டத்தட்ட முழுவதும்.

மைப்போத்தலில் மூன்றிலொரு பங்கு மைதான் இருந்தது. அகலப் போத்தலில் நிப் முழுவதும் மூழ்காது. மூழ்காவிட்டால் காற்றைத்தான் இழுக்கும். ஆகவே மையை ஒடுங்கிய ஊசிமருந்துக் குப்பி ஒன்றுக்கு மாற்றி, அதன் றப்பர் மூடியால் அடைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு மூன்று நாளுக்கு முன் அக்கா மணிக்கூட்டை முன்னால் வைத்து மூன்று மணித்தியாலம் எழுதிப் பார்த்தார். பத்தொன்பது பக்கம். மை மிஞ்சியது. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இனி வாசரைத் தொடாதை" என்றார்.

பரீட்சை யாழ்ப்பாண நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு தாள். அக்காவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போவேன். என் வேலை மாலையில் தொடங்குவதால், வெளியே வேப்பமரத்தின் கீழ் காத்திருப்பேன். மதியம் அக்கா வெளியே வந்ததும் குப்பியிலிருந்து மை நிரப்பிக் கொடுப்பேன். நாலு தாள்கள் அப்படி முடிந்தன.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்த அக்காவின் வலது கை மணிக்கட்டுவரை நீலமாக இருந்தது. சட்டைக் கையிலும் நீலம்.

"கையைப் பாக்காதை. பேனையைப் பார்."

வாசர் சரியாக இருந்தது. தண்டு வெளியே வரும் பின்பக்கத் துளையில் ஒரு சிறு றப்பர் வளையம் இருக்கும், அது வெடித்திருந்தது. அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. மை அதன் வழியாக வடிந்திருந்தது. கடைசித் தாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

கூட எழுதியவர் ஒருவர் தன் குமிழ்முனைப் பேனையை நீட்டினார். "ரீச்சர், இதாலை எழுதுங்கோவன்."

"உதாலை எழுதினால் ரெண்டு பக்கம் எழுதுவன். எனக்கு ரெண்டு பக்கம் காணாது" என்றார் அக்கா.

பக்கத்து வீதிகளில் இருந்த இரண்டு சைக்கிள் கடைகளுக்கும் ஓடினேன். சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய றப்பர்க் குழாயான வால்வு ரியூப் இருந்தால் அதிலிருந்து வளையம் வெட்டலாம். ஒரு கடையில் ரியூப் முடிந்து இரண்டு மாதம். மற்றக் கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்து வேப்பமரத்தில் சாத்தியிருந்த எங்கள் சைக்கிளைப் பார்த்தேன்.

அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பின் சில்லு" என்றார். "அதுதான் போன மாசம் மாத்தினது."

பின் சில்லின் வால்வைத் திருகிக் கழற்றினேன். காற்று முழுவதும் போனது. வால்வில் மாட்டியிருந்த மெல்லிய ரியூப்பை இழுத்தேன். வெயிலில் ஒட்டியிருந்தது, இரண்டாகக் கிழிந்து வந்தது. பென்சில் சீவ வைத்திருந்த அரை பிளேட்டால் நல்ல பக்கத்தில் ஒரு நூல் அகலத்துக்கு வளையம் வெட்டினேன். முதல் வெட்டு சரிந்துவிட்டது. இரண்டாவது நேராக வந்தது. மீதி மையைக் குப்பிக்குள் விட்டு, பின்பக்க மரையைக் கழற்றி, வெடித்த வளையத்தை ஊசியால் கிண்டி எடுத்து, புதியதைத் தண்டில் ஏற்றி முறுக்கினேன். தண்டு இறுக்கமாக ஓடியது. மை நிரப்பினேன். பேனையைத் தலைகீழாகப் பிடித்து நூறுவரை எண்ணினேன். ஒரு துளியும் வரவில்லை.

ஒன்று இருபத்தைந்துக்கு மணி அடித்தது. அக்கா நீலக் கையால் பேனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாலரைக்கு வெளியே வந்தார். உள்ளே எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "பதினேழு பக்கம்" என்றார்.

வால்வு ரியூப் இல்லாத சைக்கிளை நான் ஒரு பக்கம் பிடிக்க, அக்கா இடது கையால் மறுபக்கம் பிடிக்க, கொக்குவிலில் எங்கள் வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தோம். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

பெறுபேறு பத்து மாதத்துக்குப் பிறகு தபாலில் வந்தது. ஆறு பாடத்திலும் அக்கா சித்தியடைந்திருந்தார். கடைசித் தாளுக்குத்தான் ஆகக் கூடிய புள்ளி.