மாடி வீட்டுப் பௌத்தப் பெண்கள்

மூன்று பெண்கள் தங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து இருபது பேர் வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள் என்று சொன்னால் தஞ்சாவூரில் யார் வீடு தருவார்கள்? பத்து நாட்கள் தெருத்தெருவாக அலைந்தோம்.

எங்கள் தியான வட்டத்தைத் தொடங்கியவள் நாக்பூரிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்திருந்த அக்கா. தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்துவிட்ட குடும்பம். "நாங்க பௌத்தம்" என்பதை ரத்த வகையைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லுவாள். விடுதியின் பூப்பந்துத் திடலில் ஞாயிறுதோறும் நான்கைந்து பேரைக் கூட்டிவைத்து உட்காருவாள். முதல் நாள் பௌர்ணமிப் பாயசத்துக்காகத்தான் நான் போனேன். பிறகு பாயசம் இல்லாத நாட்களிலும் போனேன். காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் புதிதாகச் சந்திக்கிற யாரும் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். அந்தத் திடலில் யாரும் என்னிடம் தெருவைக் கேட்கவில்லை. முத்துப்பேட்டைப் பக்கத்தில் என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா குத்தகைக்கு உழுகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறாள். எங்கள் தெருவில் முதுகலை படிக்க வந்த முதல் பெண் நான். இதையெல்லாம் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வகுப்பில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது பெண் ஒரத்தநாட்டுக்காரி. நிலபுலம் உள்ள வீடு. நுழைவுத்தேர்வில் தோற்றுத் தூக்கம் கெட்டுப்போய், மூச்சைக் கவனித்தால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி எங்களிடம் வந்தவள். அவளிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. அதனாலேயே வட்டத்தின் பாதி வேலைகள் அவள் தலையில் விழுந்தன.

வேலைகள் என்று சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலை பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவோம். யாருக்காவது காய்ச்சல் என்றால் முறைபோட்டுக் கஞ்சி கொண்டுபோவோம். ஒருமுறை எல்லோரும் பஸ் பிடித்துப் பூம்புகார் போனோம். அங்கே பழைய புத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் அரைமணி நேரம் இருந்தோம். அப்புறம் கடற்கரையில் வறுத்த மீனை வாங்கி, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தோடு தாளில் பரப்பித் தின்றோம். அக்கா விரலைச் சப்பிக்கொண்டே, "இதுதான் நல்லாருக்கு, விடுதிச் சாம்பார் இல்ல" என்றாள். அன்று இரவு போனில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அந்த வடக்கத்திப் பொண்ணு மீன் தின்னுமா? நம்ம ஊரு மடவையத் தின்னு பாக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

விடுதியில் கூட்டம் கூடக் கூடாது என்று காப்பாளர் சொல்லிவிட்டதால்தான் வீடு தேடினோம். கடைசியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மாடி காலியாக இருந்தது. அவர் எங்களை நிற்கவைத்தே பார்த்தார்.

"நீங்கள்லாம் என்ன..." என்று இழுத்து நிறுத்தினார்.

அந்த இழுவை எனக்குப் பழக்கம். அக்காவுக்குப் புரியவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "நாங்க பௌத்தங்க சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அட! அப்ப சுத்த சைவம்னு சொல்லுங்க. உயிர்க்கொலையே ஆகாதுன்னவராச்சே புத்தர்!" உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. எத்தனை பேருக்கு இல்லேன்னு சொன்னோம். நமக்குன்னே வந்திருக்காங்க பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"என்ன சொல்றார்?" என்று அக்கா என் காதருகே கேட்டாள்.

"வீடு தராராம்" என்றேன்.

குடிபோன மறுநாள் அவள் முட்டை வாங்கி வந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் முட்டைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நான் கீழ போய்ச் சொல்லட்டா?"

"வேண்டாங்க்கா. வேற வீடு கிடைக்காது."

"உன் ஊரு. உனக்குத் தெரியும்" என்றாள். முட்டையைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு மீனோ கறியோ தின்ன வேண்டுமானால் மூன்று பேரும் வெளியே மெஸ்ஸுக்குப் போய்விட்டு, சோம்பு மென்றுகொண்டு திரும்புவோம். ஒரத்தநாட்டுக்காரிக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கும் விளையாட்டுப்போலக் காட்டிக்கொள்ளத் தெரிந்திருந்தது.

விளையாட்டாக இல்லாமல் போனது வீட்டுக்கார அம்மாவால். சுண்டல் கொண்டுவந்தவர் ஒரு ஞாயிறு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். முட்டிவலி என்பதால் அவருக்கு மட்டும் நாற்காலி. "இப்படி ஒரு அமைதி என் வீட்ல இருக்குன்னே தெரியாமப் போச்சு" என்றார். அடுத்த வாரமும் வந்தார். கொலு வைத்தபோது களிமண் புத்தர் ஒன்றை வாங்கி நடுப்படியில் வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "எங்க மாடிப் பொண்ணுங்களுக்காக" என்று காட்டினார்.

உட்கார்ந்து எழும் முன் ஐந்து ஒழுக்கங்களை எல்லோரும் சேர்ந்து சொல்வது எங்கள் வழக்கம். நான்காவது, பொய் பேசாதிருப்பது. அவருடைய நாற்காலி எப்போதும் என் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை அவர் நிதானமாகச் சொல்லும்போது என் குரல் தானாகவே கீழே இறங்கும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு வரிக்கு, காதுமடல் சுடும். அப்புறம் அடுத்த வரி வந்துவிடும்.

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். ஒரு ஞாயிறு காலை, உட்கார்ந்திருக்கும்போது மடியில் போன் அதிர்ந்தது. அம்மா. மெதுவாக எழுந்து பால்கனிக்குப் போனேன்.

"தெருமுனையில நிக்கிறேன். எந்த வீடு? பச்சை கேட்டா?"

என் அம்மா அதுவரை தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரிக்கு மட்டுமே வந்திருக்கிறாள். படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பிள்ளையார் கோயில் ஓரமாக நின்றிருந்தாள், இடுப்பில் புது அரிசிப் பை, கையில் மஞ்சப்பை. பைக்குள் தூக்குவாளி.

"மடவைக் குழம்பு. விடியக்காலையிலயே வச்சேன். அந்த வடக்கத்திப் பொண்ணுக்கும் சேத்துத்தான். இறாலும் வறுத்திருக்கேன். வா, வீட்டைப் பாப்போம்."

நான் நகரவில்லை.

"ஆளுங்க உக்காந்திருக்காங்கம்மா."

"நானும் ஓரமா உக்காந்துக்கறேன்."

"இல்லம்மா... அந்த வீட்ல மீன் வாசனை வரக்கூடாது. வீட்டுக்காரங்க சைவம்."

அம்மா முந்தானை நுனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு, எனக்கு உதவி செய்கிற குரலில், வழி சொல்கிறவளைப்போல, "அப்பக் கொல்லைப்பக்கமா வந்துடவா?" என்று கேட்டாள்.

சின்ன வயதில் மிராசுதார் வீட்டில் கொல்லை வழியாகவே போய் வந்தவள் அவள். அதைக் கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் காலையிலும் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

அதற்குள் மேலே பால்கனியிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. "யாரு, அம்மாவா? வெயில்ல நிக்கவச்சுப் பேசுறியே, மேல கூட்டிட்டு வா!"

உள்ளே நுழையும்போது மஞ்சப்பையை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, போர்ட்டிகோவில் நின்றிருந்த ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேலே எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். வீட்டுக்கார அம்மா தன் நாற்காலியைக் கொடுக்கப் பார்த்தார். "வேண்டாங்க, கீழயே இருக்கேன்" என்று அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். காபி வந்தது. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்துவிட்டு, கழுவக் குழாய் எங்கே என்று தேடினாள். "வைங்க வைங்க, நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்கார அம்மா வாங்கிக்கொண்டார். பிறகு ஐந்து ஒழுக்கங்களைச் சொன்னோம். அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வாயைப் பார்த்து அரைச் சொல் தாமதமாகத் தானும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சொல்லி முடிக்கவில்லை, கீழே பாத்திரம் உருண்ட சத்தம். தொடர்ந்து வீட்டுக்காரரின் கூச்சல். "யாரு கொண்டாந்து வச்சது இதை?"

எல்லோரும் இறங்கினோம். பூனை பையை இழுத்துத் தள்ளியிருந்தது. மூடி ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம். காலையில் போட்ட கோலத்தின் மேல் சிவப்பாகக் குழம்பு ஓடியிருந்தது. வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முன்னால் போய்விட்டாள்.

"என்னுதுங்க. இங்க என் நாத்தனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். வழியில பொண்ணப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். இங்க கொண்டாந்தது என் தப்புதாங்க. தொடப்பம் கொடுங்க, கழுவி விட்டுடறேன்."

எனக்குத் தஞ்சாவூரில் அத்தை யாரும் கிடையாது.

வீட்டுக்கார அம்மா ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்து, அம்மாவின் பக்கத்தில் வைத்தார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கழுவத் தொடங்கினாள். படிக்கட்டு முழுக்க என் நண்பர்கள். என்னோடு படிக்கிறவர்கள், நான் கணக்குச் சொல்லித்தருவதைப் பார்த்தவர்கள், காய்ச்சலில் எனக்குக் கஞ்சி கொடுத்தவர்கள். கடைசிப் படியில் நான். இரண்டு எட்டு வைத்தால் அம்மா. அந்த இரண்டு எட்டை நான் வைக்கவில்லை.

அக்காதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து மீன் துண்டுகளைக் கையால் பொறுக்கித் தூக்குவாளிக்குள் போட்டாள். போட்டுக்கொண்டே தலையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "சார், இது எங்களுக்குக் கொண்டு வந்த மீன். நாங்க பௌத்தம்தான். மீன் சாப்பிடுவோம். உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும். சொல்லல. மன்னிச்சிடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீதானே சொன்னே?"

"ஆமா சார்."

அப்புறம் குந்தியிருந்த என் அம்மாவைப் பார்த்தார். அவள் துடைப்பம் பிடித்திருந்த விதத்தையும் வெடித்த பாதங்களையும் பார்த்தார். வீடு பார்க்க வந்த அன்று பாதியில் நிறுத்திய கேள்வியை அவர் முடிக்கவே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தெருமுனையிலும் நினைத்தேன். அம்மா விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். வாளி நசுங்கிவிட்டது, தட்டினால் சரியாகிவிடும். இறால் நல்ல இறால், பாழாகப் போய்விட்டது. அந்த வடக்கத்திப் பொண்ணு ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. நான் பேச இடமே இல்லாதபடி பேசினாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "வீட்டை விட்டுப் போவச் சொன்னாருன்னா கால்ல கையில விழாத" என்றாள். அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒரத்தநாட்டுக்காரியின் அப்பாவுக்கு வீட்டுக்காரரே போன் செய்து பேசியிருக்கிறார். அவர் காரில் வந்து மகளை வேறு விடுதியில் சேர்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள், ஆனால் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் நிறுத்தவில்லை, அப்பாவுக்குத் தெரியாமல். வேறு இடம் கிடைக்கும்வரை புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயின் கரையில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். லாரிச் சத்தத்தில் மூச்சைக் கவனிப்பது கஷ்டம். நான்காவது வரி வரும்போது நான் வாயைத் திறக்கவில்லை, பல வாரங்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

சாமான்களை ஏற்றிய அன்று வீட்டுக்கார அம்மா கேட்டருகே வந்தார். "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிட்டு உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றார். சொல்லியிருந்தால் மாடியைத் தந்திருப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தில் நான் ஏமாற்றியது இருந்தது. என் அம்மா அவர் வாசலைக் கழுவியது அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

பிறகு எங்களுக்குக் கிடைத்த வீட்டில் எதை வேண்டுமானாலும் சமைக்கலாம். வாம்மா, வந்து நாலு நாள் இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "உளுந்து கிடக்கு", "ஆடு குட்டி போட்டிருக்கு" என்று ஏதாவது சொல்லுவாள். படிப்பு முடியும்வரை வரவில்லை. பட்டமளிப்புக்கு அப்பாவோடு வந்தாள். எந்த வீட்டுக்கும் கைவீசிக்கொண்டு போகாதவள், கடையில் வாங்கிய இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்திருந்தாள். அக்கா அங்கேயே பாக்கெட்டைப் பிரித்து வட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். ஒரத்தநாட்டுக்காரி அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவும்தான். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் அதில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கொஞ்சம் இறுக்கமாகவே.