இடப்பக்கப் பையில் ஒட்டுப்போட்ட கோட்டு

அந்தக் கோட்டின் நிறம் என்னவென்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. கறுப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் வெயிலில் விரித்தால் பழுப்படிக்கும், மழைநாளில் நீலம் தட்டும். நல்ல கனத்த கம்பளித் துணி. இடப்பக்கப் பையின் வாயோரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஒட்டு. மலாயாவில், கெடாவின் புழுக்கத்தில் புத்தியுள்ளவர்கள் யாரும் இதைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் என் சின்ன வயதில் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் போட்டுக்கொள்ளாத ஆண்பிள்ளைகள் குறைவு. போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்காருவார்கள். படம் எடுத்து முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கும் கோட்டுக்கும் இருந்த உறவு.

சுங்கைப் பட்டாணியில் ஒரு ஜப்பான்காரர் போட்டோக்கடை வைத்திருந்தார். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கே உதவியாளர். தோட்டத்து ஆட்கள் ஊருக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் மாமாவிடம்தான் வருவார்கள். கடையில் ஒரு கோட்டு, ஒரு சோடிச் சப்பாத்துக் காலணி, ஓடாத ஒரு மேசைக் கடிகாரம், இவ்வளவும் தயாராக இருக்கும். ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர், உரம் போடுகிறவர், சாக்கடை வெட்டுகிறவர் எல்லாரும் அதே கோட்டில், அதே கடிகாரத்துக்குப் பக்கத்தில். ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மகன் துரையாகிவிட்டான் என்று கண்ணீர் விட்டார்களாம். இங்கே மகன் லயத்தில், தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீட்டில், மூட்டைப்பூச்சியோடு படுத்துக் கிடந்தான். ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று தாய்க்குச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

கோட்டு முதலில் ஓர் ஆஸ்திரியக்காரருடையது. எங்கள் தோட்டத்து ரப்பர்ப் பால் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். நாங்கள் அவரை இஞ்சின் துரை என்போம். தன் நாட்டுக் குளிருக்குத் தைத்ததை இங்கே என்ன செய்வார், போட்டோக்கடையில் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் குடும்பப் படம் எடுத்துக்கொண்டு போனார். பை கிழிந்திருந்ததைக் கடைக்காரரின் மனைவி தன் கையால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்.

என் மாமாவுக்கு ஒரு வியாதி இருந்தது. யாரைப் பார்த்தாலும் இன்னொருவரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். சீனர் எப்படி ஏறினார், செட்டியார் எப்படி ஏறினார், நாம் ஏன் ஏறவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்து பேசுவார். அவருக்குப் பிடித்த ஒப்பீடு இஞ்சின் துரை, போட்டோக்கடைக்காரர், இந்த இரண்டு பேர்தான்.

"பாருக்கா, ரெண்டு பேரும் நம்மள மாதிரி கப்பல்ல வந்தவனுங்கதான். இஞ்சின் தொர வெள்ளக்காரனோட கரைஞ்சிட்டான் லா. அவன் பாசை, அவன் கிளப்பு, பேர்கூட மாத்திக்கிட்டான். நம்ம தவுக்கே அப்படி இல்ல. அவங்க ஆளுங்க நாலு குடும்பந்தான், ஆனா ஒருத்தன் விழுந்தா மத்தவன் தூக்கி விடுவான். எது சரி, சொல்லு? கரையறதா, ஒண்ணா நிக்கிறதா?"

தவுக்கே என்றால் முதலாளி. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல சோத்தத் தின்னு, அப்புறம் கரையலாம்" என்பார்.

ஜப்பான் படை கெடாவுக்குள் புகுந்தபோது மாமாவின் கேள்விக்குச் சில நாட்களிலேயே விடை கிடைத்துவிட்டதுபோலத் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகத் தெற்கே ஓடினார்கள். இஞ்சின் துரையும் ஓடினார். அவர் தன் நாட்டுக் குடியுரிமையை விட்டு ஆங்கிலேயர் காகிதம் வாங்கியிருந்ததால், சிங்கப்பூரில் பிடித்து ஆங்கிலேயர்களோடு சேர்த்து அடைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆஸ்திரியா அப்போது ஜெர்மனியோடு சேர்ந்திருந்ததால், பழைய காகிதத்தோடு இருந்திருந்தால் ஜப்பானுக்கு நட்பு நாட்டுக்காரராகி வெளியில் நடமாடியிருப்பார். போட்டோக்கடைக்காரரோ அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகி, இடுப்பில் வாளோடு வந்தார். கடையை மாமா பார்த்துக்கொண்டார். சிப்பாய்கள் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். "நான் சொன்னேன்ல" என்று மாமா கொஞ்ச நாள் திரிந்தார்.

பிறகு அரிசி போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கினோம். துணி போயிற்று. அப்பா அரிசிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மரம் வெட்டப் போவார். அதன் பிறகு சயாம் வந்தது. சயாம் என்கிற தாய்லாந்தில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் உத்தரவு. முதலில் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த லாரிக்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிக்கொடுத்த பெயர்களில் அப்பாவும் இருந்தார்.

டவுனில் கடைவேலை செய்கிறவர்களைப் பிடிப்பதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும், அட்டையில் அலுவலக முத்திரை வேண்டும். மாமா ஓடி வந்தார். அப்பாவை மட்டும் கூட்டிப்போக வந்தவர், லயத்தில் அழுகையைக் கேட்டுவிட்டு இன்னும் ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டார். பக்கத்து வாசல் அக்காவின் புருஷனும் அதில் ஒருவர். அவர் மகள் என் வயதுதான், என் கூட்டாளி. ஆறு பேரும் இடுப்பில் சாக்கோடு நடந்து சுங்கைப் பட்டாணிக்குப் போனார்கள்.

அங்கேதான் மாமா அந்தக் காரியத்தைச் செய்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வருகிறது. கடைவேலைக்காரன் என்று காட்ட ஒரு சட்டை போதும். ஆனால் தோட்டத்து ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமாவின் கை தானாகக் கோட்டுக்குப் போய்விட்டது. அத்தனை வருடப் பழக்கம். போட்டோ என்றால் கோட்டு. உட்கார்ந்தவர்களுக்கும் அது விநோதமாகப் படவில்லை. கீழே சாக்கு, மேலே கம்பளிக் கோட்டு, படத்தில் இடுப்புவரைதான் விழும். ஒருவர் கழற்ற அடுத்தவர் போட்டுக்கொண்டார். வழக்கமாக மாமா, "இடது கைய மடிச்சிப் பை மேல வைங்க, ஒட்டு தெரியக்கூடாது" என்பார். அன்றைக்கு அவசரம்.

அட்டைகளை ராணுவச் சிப்பாய் ஒருவன் பார்த்து முத்திரை போடுவான் என்றுதான் மாமா கணக்குப் போட்டிருந்தார். அவை நேராகப் போட்டோக்கடைக்காரரின் மேசைக்கே போய்விட்டன. அவர் ஆறையும் மேசையில் பரப்பினாராம். ஒரே கோட்டு. தன் கடைக் கோட்டு. தன் மனைவி போட்ட ஒட்டு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மலாயில் மெதுவாகச் சொன்னாராம்: "சத்து கோட், சத்து ஓராங்." ஒரு கோட்டுக்கு ஓர் ஆள். எந்த ஆள் என்று நீயே எடு என்று அட்டைகளை மாமா பக்கம் தள்ளினார்.

அது கொடுமையா, கருணையா? மேலே சொல்லியிருந்தால் ஏழு தலையும் போயிருக்கும். அவர் சொல்லவில்லை. ஆனால் எடுக்கும் வேலையை மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமா அப்பாவின் அட்டையை எடுத்தார்.

மற்ற ஐந்து வீட்டிலும் "ஆபீஸ்ல முடியாதுன்னுட்டான்" என்று மட்டும் சொன்னோம். முத்திரை விழாத படங்களை மாமா அவரவர் வீட்டில் கொடுத்தார். லாரி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஐவரில் ஒருவரும் திரும்பவில்லை. அப்பா அதற்குப் பிறகு மாமாவோடு பேசாமல் இல்லை, பேசினார். ஆனால் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த அட்டையை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் போட்டவர், சாகும்வரை எடுத்துப் பார்க்கவில்லை.

அட்டையில் கடைவேலை என்று இருந்ததால் அப்பா டவுனுக்கு வந்து ஏதாவதொரு கடையில் நிற்க வேண்டியிருந்தது. நாங்களும் வந்தோம். யுத்தம் முடிந்ததும் அப்பா அப்படியே கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். என் கூட்டாளி அப்பனில்லாத வீட்டில் புல் வெட்டப் போனாள். பிறகு பால்மரம். என் கையில் சுண்ணாம்புக்கட்டி, அவள் கையில் பால்வெட்டும் உளி. ஒரே லயம், ஒரே கூரை, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது.

போட்டோக்கடைக்காரர் ஜப்பான் தோற்றதும் கைப்பையோடு கப்பலேற்றப்பட்டார். ஒன்றாக நின்ற அந்த நாலு குடும்பத்துக்கும் இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இஞ்சின் துரை சிறையிலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கோட்டு மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா சைக்கிள் கடை வைத்தார், மூடினார். பன்றிப்பண்ணை, லாட்டரிச் சீட்டு, வாடகைக் கார் என்று ஒன்றிலும் நிலைக்கவில்லை. ராத்தூக்கமும் கிடையாது. ஒப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

பல வருடம் கழித்து என் இளைய மகன் அமெரிக்காவில் பொருளாதாரம் படிக்கப் போனான். விதியைப் பாருங்கள், அங்கே குடியேறிய ஆஸ்திரியக்காரர்களும் ஜப்பானியர்களும் தலைமுறைகளாக எப்படி முன்னேறினார்கள் என்று ஒப்பிடுவதுதான் அவன் ஆராய்ச்சி. விடுமுறைக்கு வந்தவனை மாமா பிடித்துக்கொண்டார். ஒரு கூட்டத்தார் மற்ற வெள்ளையர்களோடு கலந்து, தேடினாலும் தெரியாமல் போய்விட்டார்கள் என்றான் மகன். இன்னொரு கூட்டத்தாரை யுத்தத்தில் முள்வேலிக்குள் அடைத்தார்கள், கடை, தோட்டமெல்லாம் பறிபோயிற்று, ஆனாலும் பிள்ளைகள் படித்து மேலே வந்துவிட்டார்கள் என்றான். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் லா! உங்கம்மாவக் கேளு!"

"அது இருக்கட்டும் தாத்தா. ஆறு பேர்ல எங்க தாத்தா மட்டும் எப்படித் தப்பிச்சாரு?"

மாமா இதற்கு எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னார். "மத்தவங்க படத்துல எல்லாம் பை ஒட்டு பளிச்சின்னு தெரிஞ்சிச்சு. உங்க தாத்தா மட்டுந்தான் கைய மடிச்சி மறைச்சிருந்தாரு. அதான் அத எடுத்துக் குடுத்தேன்." நாங்களும் அதைக் கேட்டுக் கேட்டு நம்பியிருந்தோம். கவனமான மனிதர், அதனால் பிழைத்தார்.

மகனுக்குக் காட்டலாமென்று நான்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து வந்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அப்பாவின் இரண்டு கைகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பையின் மேல் ஒட்டு நன்றாகத் தெரிந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு இருந்தது ஒரே அக்கா."

என் மகன் அதற்குப் பிறகு அவரிடம் கேள்வி கேட்கவில்லை. அவன் ஆராய்ச்சியை எழுதி முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டான். நான் அதைப் படிக்க முயன்று பாதியில் வைத்துவிட்டேன். யார் ஏன் முன்னேறினார் என்று அதில் பக்கம் பக்கமாகக் காரணங்கள். எல்லாம் சரியாகவும் இருக்கலாம். எனக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு கோட்டு என் அலமாரிக்கு வந்தது. போன மாதம் பூச்சி அரிக்காமல் இருக்க அதை வாசல் கம்பியில் வெயிலுக்குப் போட்டிருந்தேன். சிடாம் கிரியில் மகனோடு இருக்கும் என் கூட்டாளி, பேரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். பத்திரிகையைக் கொடுக்கும் முன்பே கம்பியருகே போய் நின்றுவிட்டாள். அவள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் வைக்க அவள் அப்பாவுக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். ஒட்டைத் தடவிப் பார்த்தாள். கோட்டை இறக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்துருண்டை வாசம் தவிர வேறென்ன இருந்திருக்கும்.

"அப்பா ஒடம்பு பட்ட துணின்னு எங்ககிட்ட ஒண்ணுமில்லடி. இத எனக்குத் தர்றியா?" என்றாள். பிறகு, "ஒம் மாமா நல்ல மனுசன். எங்கப்பாவுக்காவ எவ்வளவோ கேட்டுப் பாத்தாரு, நடக்கல. ஒனக்கு மூளை இருந்திச்சி, படிச்சி மேல வந்திட்ட. நான் மக்கு" என்று சிரித்தாள்.

மாமா அட்டையை எடுத்த உண்மை வாய்வரை வந்தது. இத்தனை வயதில் அவளுக்கு அதைக் கொடுத்து நான் என்ன வாங்கப் போகிறேன்? மூளை இல்லையடி என்று மட்டும் சொன்னேன். அவள் நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கோட்டை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். பேரன் வண்டியைக் கிளப்பினான். அவள் பையை மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை மடித்து வைத்துக்கொண்டு போனாள்.